பல்லாவரத்துக் கல்

மார்கழி மாதம் பிறந்தால் சென்னையில் மூன்று காரியங்கள் உண்டு. விடியற்காலையில் திருப்பாவை கேட்க வேண்டும். மாலையில் சங்கீத சபையில் இடம் பிடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் சபைச் சிற்றுண்டிச்சாலையில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு வருஷம் நானும் என் மனைவியும் மூன்றையும் தியாகம் செய்துவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினோம். 2001-ல் அந்நகரத்துக்குக் கொல்கத்தா என்று பெயரைத் திருத்தி வைத்துவிட்டார்கள். ஆனாலும் நாக்கில் ஏறிப்போன பெயரை இறக்குவது கஷ்டம். ஆகையால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கல்கத்தா என்றே எழுதுகிறேன்.

போனதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்றை ஊருக்குச் சொன்னோம். மற்றொன்றை நான் மட்டும் மனசுக்குள் வைத்திருந்தேன்.

ஊருக்குச் சொன்ன காரணம், எங்கள் டாக்டர். "தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்" என்று எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். சொந்த ஊரில் நடப்பது நடக்கிற காரியமா? தெருமுனை போவதற்குள் நாலு பேர் நிறுத்தி, "என்ன சார், காலையிலேயே கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். "ஒரே மூச்சாக ஒரு வாரம் நடந்து பழைய பாக்கியைத் தீர்த்துவிடலாம்" என்று இவளிடம் சொன்னேன். நம்பினாள். முழுவதும் நம்பினாள் என்று சொல்ல முடியாது. என் கைப்பையில் இரண்டு புது நோட்டுப் புத்தகங்கள் இருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நோட்டுப் புத்தகங்கள்தாம் இரண்டாவது காரணம். ஒரு சரித்திர நாவல் எழுதுவதென்று வெகுநாளாக எனக்கு ஆசை. கதாநாயகன், கல்கத்தாவை ஸ்தாபித்தவன் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஜாப் சார்னாக். கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாக வந்தவன். கங்கைக் கரையில் உடன்கட்டை ஏற இருந்த ஓர் இளம் விதவையைச் சிதையிலிருந்து மீட்டு, அவளையே மனைவியாக்கிக் கொண்டான் என்பது கதை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் அத்தியாயத்தில் நதி, நெருப்பு, குதிரைக் குளம்பொலி. இரண்டாவது அத்தியாயத்தில் காதல். ரயில் கோதாவரியைத் தாண்டுவதற்குள் மனசில் எட்டு அத்தியாயம் எழுதிவிட்டேன்.

டல்ஹௌஸி சதுக்கத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு விடுதியில் அறை கிடைத்தது. மேஜைக்குப் பின்னாலிருந்தவர், குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி, ஒரு பெரிய பதிவேட்டைத் தள்ளினார். என் பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதினேன். கடைசியாக, உடன் வருவோருக்கு ஒரு கட்டம். அதில் 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவள் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

*

கல்கத்தாவின் குளிர்காலம் நடப்பதற்கென்றே பகவான் படைத்தது. வெயில் உண்டு, சுடாது. பனி உண்டு, நடுக்காது. வங்காளிகள் மட்டும் இமயமலைக்குப் புறப்பட்டவர்களைப் போல் கம்பளிக்குள் புகுந்துகொண்டு நடமாடுகிறார்கள். பேரீச்ச மரத்துத் தண்டைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, புது வெல்லம் வருகிற சமயம் அது. அந்த வெல்லம் போட்ட சந்தேஷ், பழுப்பு நிறத்தில், லேசான புகை வாசனையோடு கடைக்குக் கடை அடுக்கி வைத்திருந்தது. டாக்டர் சர்க்கரையைப் பற்றிச் சொல்லியிருந்தார். வெல்லத்தைப் பற்றிப் பேசவில்லை என்று நாங்கள் இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

தெருமுனையில் மண் கோப்பையில் தேநீர் கொடுத்த பையன், இவளைப் பார்த்து "பௌதி" என்றான். அண்ணி என்று அர்த்தம். பழக்கடைக்காரரும் பௌதி, வழி சொன்ன போலீஸ்காரரும் பௌதி. "ஒரே நாளில் எனக்கு இத்தனை கொழுந்தனார்களா!" என்று சிரித்தாள் இவள்.

முதல் நாள் காலை டல்ஹௌஸி சதுக்கத்தைச் சுற்றினோம். நடுவிலே லால் திக்கி என்ற குளம். அதைச் சுற்றி வெள்ளைக்காரர்களின் ராஜ்யம் முழுவதும் கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கிறது. வடக்கே ரைட்டர்ஸ் பில்டிங் என்ற பழைய தலைமைச் செயலகம். அங்கேதான் 1930 டிசம்பர் 8-ஆம் தேதி விநய், பாதல், தினேஷ் என்ற மூன்று வாலிபர்கள் நுழைந்து, சிறைச்சாலைகளின் தலைமை அதிகாரி சிம்ப்ஸனைச் சுட்டுக் கொன்றார்கள். இன்று சதுக்கத்தின் பெயரே விநய்-பாதல்-தினேஷ் பாக். கவர்னர் ஜெனரலின் பெயரை எடுத்துவிட்டு வாலிபர்களின் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பதும் எடுப்பதும் இந்த ஊரில் சாமானிய விஷயமல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மேற்கே பெரிய தபால் ஆபீஸ். 1868-ல் கட்டி முடித்த கட்டடம். வெள்ளைக் கோபுரமும் கனத்த தூண்களும். அதன் படிகளில் பித்தளைக் கோடுகள் பதித்திருக்கிறார்கள். கம்பெனியின் பழைய கோட்டைச் சுவர் அந்தக் கோட்டின் வழியாகப் போயிற்றாம். 1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா பிடித்த கோட்டை அதுதான். ஜனங்கள் கோட்டை மிதித்துக்கொண்டு மணியார்டர் அனுப்பப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் கோட்டை கடைசியில் ஒரு கோடாகத்தான் மிஞ்சுகிறது!

*

அங்கிருந்து தெற்கே ஐந்து நிமிஷம் நடந்தால் செயிண்ட் ஜான்ஸ் தேவாலயம். 1787-ல் திறந்தது. கௌட தேசத்துப் பழைய தலைநகரின் இடிபாடுகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்து கட்டியதால், ஊரார் இதைக் கல் கோயில் என்றே அழைத்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர் ஒரு ஹிந்து, சோபாபஜார் மகாராஜா நவகிருஷ்ண தேவ். இந்தப் பெயரை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் நடையில் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

தோட்டத்தின் ஒரு மூலையில், எட்டுப் பட்டையாக, துருக்கர் பாணியில் ஒரு மண்டபம். அதுதான் சார்னாக்கின் சமாதி. தேவாலயம் கட்டுவதற்கு ஏறக்குறைய 90 வருஷத்துக்கு முன்பே அது அங்கே இருந்தது. 1693 ஜனவரியில் சார்னாக் இறந்தான்; அவனுடைய மருமகன் சார்லஸ் அயர் இதைக் கட்டினான். கல்கத்தாவில் ஆங்கிலேயர் கட்டி நிற்பவற்றுள் மிகப் பழமையானது இதுவே என்பார்கள்.

குனிந்து உள்ளே நுழைந்தோம். கரும்பலகை போன்ற கற்களில் லத்தீன் எழுத்துக்கள். நான் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கல்லின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது எங்க வீட்டுத் துவைக்கிற கல் மாதிரி இருக்கே!" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சரித்திரத்தின் சந்நிதியில் நிற்கும்போது துவைக்கிற கல்லின் ஞாபகமா? இவளுக்குப் பிறந்த ஊர் பல்லாவரம். மலையடிவாரத்தில் வீடு. பல்லாவரத்தைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மகேந்திரவர்ம பல்லவன் குகை குடைந்த மலை எங்கள் மலை என்பாள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ஊர் எங்கள் ஊர் என்பாள். உலகத்தில் உள்ள கல் எல்லாம் பல்லாவரத்துக் கல்லாகத்தான் அவளுக்குத் தோன்றும்.

தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அருகே வந்தார். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். சென்னை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் உங்கள் ஊர்க்காரரைத்தான் பார்க்க வந்திருக்கிறீர்கள். சார்னாக்கைச் சொல்லவில்லை. இந்தக் கல்லைச் சொல்கிறேன். இது சென்னைக்குப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. பல்லாவரம் என்று ஓர் இடமாம்" என்றார்.

நான் இவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

பெரியவர் சொன்னது முழு உண்மை. 1893-ல் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி இந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் குன்றுகளில் உள்ள கருநீலச் சாயல் கொண்ட பாறைதான் இது என்று கண்டார். சமாதியில் தூங்குகிறவனை முன்னிட்டு அந்தப் பாறை இனத்துக்கே 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். இன்று உலகத்தின் எந்த மூலையில் அந்த இனத்துப் பாறை அகப்பட்டாலும் நிலவியல் புத்தகங்களில் அதற்கு அதுதான் பெயர். பல்லாவரத்துப் பாறையின் வயது சுமார் 250 கோடி வருஷம் என்கிறார்கள். அந்தப் பாறைக்கு, அதன்கீழே முந்நூறு வருஷமாகப் படுத்திருக்கும் ஒரு கம்பெனி உத்தியோகஸ்தனின் பெயர்!

"எங்க ஊர்க் கல்லுக்கு இவன் பெயரா?" என்றாள் இவள். "இவன் எங்க ஊருக்கு வந்தானாக்கும்?"

வந்தான். ஹூக்ளி நதிக்கரையில் மொகலாய அதிகாரிகளுடன் சண்டை போட்டு, ஹிஜ்லித் தீவில் காய்ச்சலில் பாதி ஆட்களைப் பறிகொடுத்து, வங்காளத்தை விட்டே வெளியேறிய கம்பெனிக்காரர்கள் 1689-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சார்னாக். ஓராண்டுக்கு மேல் அவன் சென்னையில் இருந்தான். கோட்டைக்குள்ளே 1680-ல் எழுந்த செயிண்ட் மேரி தேவாலயத்தின் பதிவேட்டில், 1689 ஆகஸ்டு 19-ஆம் தேதி அவனுடைய மூன்று பெண்களுக்கு ஞானஸ்நானம் ஆன செய்தி இருக்கிறது: மேரி, எலிஸபெத், காதரின். அதற்கு மறு வருஷம், 1690 ஆகஸ்டு 24-ஆம் தேதி, கொட்டும் மழையில், சூதாநூட்டி என்ற கரையில் அவன் படகிலிருந்து இறங்கினான். அவன் அங்கே வந்து தங்கியது அது மூன்றாவது தடவை. முன் தடவை விட்டுப்போன குடிசைகள் கூரையில்லாமல் கிடந்தன. அந்த நாளைத்தான் பின்னால் வந்தவர்கள் கல்கத்தாவின் பிறந்தநாள் என்றார்கள்.

நான் கல்லிலிருந்த எழுத்துக்களை எனக்குத் தெரிந்த மட்டும் அர்த்தம் பண்ணிச் சொன்னேன். "இது சார்னாக். அதே கல்லில் கீழே இருப்பது மூத்த பெண் மேரி. சார்லஸ் அயரின் மனைவி. அதோ இன்னொரு கல், டாக்டர் ஹாமில்டன். மொகலாயச் சக்கரவர்த்தி பரூக்சியரின் வியாதியைக் குணப்படுத்தினவர். அதனால் கம்பெனிக்கு 1717-ல் வரியில்லா வியாபாரத்துக்குப் பர்மான் கிடைக்க வழியாயிற்று. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு தடவை, பாரசீகத்தில் ஒரு தடவை எழுதியிருக்கிறார்கள்."

"அந்தப் பெண் எங்கே?"

"எந்தப் பெண்?"

"நீங்கள் நாவல் எழுதப் போகிற பெண். நெருப்பிலிருந்து இறக்கினானே, அவள்."

என் ரகசியம் அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கல்லைத் திரும்பவும் ஒரு முறை படித்தேன். அவள் அங்கே இல்லை.

*

தோட்டத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, அந்தப் பெண்ணைப் பற்றிச் சரித்திரத்தில் இருப்பதையெல்லாம் இவளுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு பழத்துக்கு மேல் ஆகவில்லை.

காதல் கதையைச் சொன்னவர் அலெக்சாந்தர் ஹாமில்டன் என்ற கப்பல் வியாபாரி. மேலே சொன்ன டாக்டர் அல்ல, வேறு ஹாமில்டன். 1727-ல், அதாவது சார்னாக் இறந்து 34 வருஷத்துக்குப் பிறகு, அவருடைய பிரயாண நூல் வெளியாயிற்று. உடன்கட்டை வேடிக்கை பார்க்கச் சார்னாக் சிப்பாய்களோடு போனான். விதவையின் அழகைக் கண்டு மயங்கினான். சிப்பாய்களை ஏவிப் பலவந்தமாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இருவரும் பல வருஷம் அன்பாக வாழ்ந்து குழந்தைகள் பெற்றார்கள். கல்கத்தாவில் குடியேறிய பிறகு அவள் இறந்தாள். ஆயுள் உள்ள வரை வருஷா வருஷம் அவள் இறந்த தினத்தில் அவள் சமாதியில் அவன் ஒரு சேவலைப் பலி கொடுத்தான். இவ்வளவும் ஹாமில்டன் சொல்வது.

இவள் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். விரல் விட்டு எண்ணினாள். "1690 ஆகஸ்டிலே வந்தான். 1693 ஜனவரியிலே செத்தான். நடுவிலே அவள் போனாள். அப்படியானால் மொத்தம் எத்தனை சேவல்? ஒன்றோ இரண்டோ. அதற்குத்தான் 'வருஷா வருஷம்' என்று இத்தனை ஆர்ப்பாட்டமா?"

பல அறிஞர்கள் இந்தச் சேவலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு சுருக்கமாகக் கணக்குத் தீர்த்தவர்களை நான் படித்ததில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. வங்காளத்தில் கம்பெனியின் தலைவராக இருந்த வில்லியம் ஹெட்ஜஸ் என்பவரின் நாட்குறிப்பு. 1682-ல் எழுதியது, ஆகையால் சம்பவத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதிலே சிதையும் இல்லை, தீயும் இல்லை. ஒரு ஹிந்துவின் மனைவியைச் சார்னாக் சுமார் 19 வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்றும், அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான் அல்லது சமீபத்தில்தான் இறந்தான் என்றும், புருஷனை விட்டு ஓடி வந்தபோது பணத்தையும் நகைகளையும் எடுத்து வந்துவிட்டாள் என்றும், பாட்னாவில் நவாபிடம் பிராது போயிற்று என்றும் எழுதியிருக்கிறார். ஹெட்ஜஸுக்குச் சார்னாக்கைக் கண்டால் ஆகாது. ஆகவே அவர் சொல்வதையும் அப்படியே நம்புவதற்கில்லை.

"ஒருத்தர் அவளை அழகி என்கிறார். ஒருத்தர் திருடி என்கிறார். அவள் பெயரை யார் சொல்கிறார்கள்?"

"இருவரும் சொல்லவில்லை."

"தூக்கிக்கொண்டு வந்தானே, அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மனசிலிருந்த எட்டு அத்தியாயங்களில் ஓரிடத்திலும் அவளை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நெருப்புக்குப் போகும்போதும் கேட்கவில்லை. நெருப்பிலிருந்து இறக்கும்போதும் கேட்கவில்லை. குளம்பொலிக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

அதே தோட்டத்தில் இன்னொரு மூலையில் வெள்ளைச் சலவைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. கோட்டை பிடிபட்ட அன்று இரவு 'இருட்டறையில்' 146 பேரை அடைத்ததாகவும், அவர்களில் 123 பேர் மூச்சுத் திணறி மாண்டதாகவும் ஹால்வெல் என்ற கம்பெனி அதிகாரி எழுதி வைத்தார். அவ்வளவு பேர் இருந்திருக்க முடியாது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஹால்வெல் நட்ட சின்னம் அழிந்துபோக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் பிரபு புதிதாக ஒன்றைச் சலவைக்கல்லில் எழுப்பினார். சிராஜ் உத்தௌலாவுக்கு அவமானமான இந்தச் சின்னத்தை அகற்ற வேண்டும் என்று 1940-ல் சுபாஷ் சந்திர போஸ் கிளர்ச்சி செய்து சிறைக்குப் போனார். கடைசியில் அதைச் சதுக்கத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். அந்தத் தூணில் வரிசையாகப் பெயர்கள். அதே தோட்டத்தில் நாங்கள் தேடி வந்தவளுக்கு மட்டும் பெயர் கிடையாது.

*

மறுநாள் வடக்கே நடந்தோம். சித்பூர் ரோடு என்று சொன்னால் பழையவர்களுக்குத் தெரியும். இன்று ரவீந்திர சரணி. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே காளிகட்டத்துக்கு யாத்திரிகர்கள் நடந்துபோன பாதையின் ஒரு பகுதி அது. நாலைந்து கிலோமீட்டர் தூரத்தை நாங்கள் அரைநாளில் கடந்தோம். முதலில் சித்தாரும் தபலாவும் தொங்கும் வாத்தியக் கடைகள். பிறகு நாகோதா மசூதி. அதையொட்டி அத்தர் வாசனை. பிறகு பாண்டு வாத்தியக்காரர்களின் பித்தளைக் குழாய்கள். பிறகு தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டுக்குப் பிரியும் சந்து. பிறகு நாடகக் கம்பெனிகளின் வண்ண விளம்பரங்கள்.

சோபாபஜாரில் நவகிருஷ்ண தேவின் அரண்மனை வாசலில் சிறிது நின்றோம். தேவாலயத்துக்கு நிலம் கொடுத்த அதே மகாராஜா. அவருடைய வம்சத்தில் வந்தவர் ராதாகாந்த தேவ் என்ற பெரும் பண்டிதர். ராம்மோகன் ராயின் இடைவிடாத முயற்சிக்குப் பிறகு 1829 டிசம்பர் 4-ஆம் தேதி பெண்டிங்க் பிரபு உடன்கட்டையைச் சட்டத்தால் தடுத்தார். அதை எதிர்த்துச் சபை கூட்டி, லண்டன் பிரிவி கௌன்சில் வரை போராடியவர்களின் முன்னணியில் இந்த ராதாகாந்தர் இருந்தார். 1832-ல் அந்த முறையீடு தள்ளுபடியாயிற்று. இதே ராதாகாந்தர் பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடுபட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்கள் நாவலில் வருகிற பாத்திரங்களைப் போல் ஒரே நிறமாக இருப்பதில்லை.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் நதிக்கரை. நீம்தலாக் கட்டத்தில் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. 1941-ல் ரவீந்திரநாதரின் உடலை எரித்ததும் இங்கேதான். பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வங்காள மாகாணத்தில் 1815 முதல் 1828 வரை சர்க்கார் கணக்கில் ஏறிய உடன்கட்டைகள் 8,134. நான் அதைச் சொன்னேன். இவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். வெகு நேரம் பேசவில்லை.

பிறகு, "அந்த எட்டாயிரத்தில் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் நல்லதுதான். நேற்று நான் அவனை ரொம்பக் கோபித்துக்கொண்டேன்" என்றாள். சிறிது தூரம் நடந்து, "இருந்தாலும் கேட்டிருக்கலாம்" என்றாள்.

குமார்துலி சந்துகளில் வசந்த பஞ்சமிக்காகச் சரஸ்வதி பிரதிமைகள் வரிசை வரிசையாக நின்றன. வைக்கோலைக் கட்டி, மேலே கங்கைக் களிமண் பூசி, வெயிலில் காய வைத்திருந்தார்கள். வர்ணம் இல்லை, கண் எழுதவில்லை. ஒரு கிழவர் சாவதானமாக ஒரு முகத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

சூதாநூட்டி என்பது இந்த வட்டாரம்தான். சூதா என்றால் நூல். நூட்டி என்றால் சிட்டம். நூல் சிட்டம் விற்ற சந்தை. சேட்டுகள், பசாக்குகள் என்ற வியாபாரிகள் சார்னாக்குக்கு வெகு காலம் முன்பே இங்கே கடை விரித்திருந்தார்கள். தெற்கே கலிகாதா, அதற்கும் தெற்கே கோவிந்தபூர். அக்பர் காலத்து அயினி அக்பரியிலேயே கலிகாதாவின் பெயர் இருக்கிறது. 1698-ல் கம்பெனியார் மூன்று கிராமங்களின் வரி வசூல் உரிமையையும் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து 1,300 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஆளில்லாத காட்டில் ஒருவன் கொடி நட்டு நகரத்தை உண்டாக்கினான் என்றால், 1,300 ரூபாய் யாருக்குக் கொடுத்தார்கள்?

இதே கேள்வியை அந்தக் குடும்பத்தின் சந்ததியார் கல்கத்தா ஹைக்கோர்ட்டில் கேட்டார்கள். சரித்திர நிபுணர்களின் குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. 2003 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. கல்கத்தாவை ஸ்தாபித்தவர் ஜாப் சார்னாக் என்று சொல்லக்கூடாது. ஆகஸ்டு 24 அதன் பிறந்தநாளும் அல்ல. நகரத்துக்கு ஸ்தாபகரும் இல்லை. ஜன்ம நட்சத்திரமும் இல்லை.

நதிப் படித்துறையில் உட்கார்ந்து இதை இவளிடம் சொன்னேன். சரித்திர நாவலின் கதாநாயகனைக் கோர்ட்டாரே கீழே இறக்கிவிட்ட துக்கம் எனக்கு. அவள் எதிரே நதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுகள் பனியில் பாதியாகத் தெரிந்தன.

"நீங்கள் முதல் அத்தியாயத்தை மாற்றிவிடுங்கள்" என்றாள். "நெருப்பு வேண்டாம். மழையில் ஆரம்பியுங்கள். அந்த நாட்குறிப்புக்காரர் கணக்குப்படி பார்த்தால், மூன்றாவது தடவை இங்கே வந்தபோது அவர்கள் சேர்ந்து குடித்தனம் பண்ணி இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கும். பாட்னா, சண்டை, காய்ச்சல், எங்க ஊர், மறுபடியும் இங்கே. மூன்று பெண்கள். கூரையில்லாத குடிசை. அவளும் உயிரோடு கூட வந்திருந்தால், படகிலிருந்து இறங்கும்போது அவனைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள்?"

"என்ன சொல்லியிருப்பாள்?"

"'இனிமேல் எங்கேயும் என்னை நடக்கச் சொல்லாதீர்கள்' என்று சொல்லியிருப்பாள்."

இருவரும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு விடுதியில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, சிதை, குதிரை, குளம்பொலி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சரித்திரத்தில் அவளைப் பற்றி நிச்சயமாகத் தெரிவது மிகக் கொஞ்சம். ஆனாலும் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று நிச்சயம்: அவள் ஒரு காட்சி அல்ல. ஒரு வாழ்நாள். ஹாமில்டன் அவளை ஒரு காட்சியாக்கினார். ஹெட்ஜஸ் ஒரு குற்றப்பத்திரிகையாக்கினார். நான் ஓர் அத்தியாயமாக்க இருந்தேன். மூன்று பேரும் ஆண்கள் என்பதை இவள் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

*

ஊர் திரும்பும் நாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனபோது, 'மனைவி' என்று நான் எழுதியிருந்த கட்டம் கண்ணில் பட்டது. பேனாவை இவளிடம் நீட்டினேன். அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, தமிழிலே எழுதினாள். குரங்குக் குல்லாய்க்காரருக்கு அது ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

ரயிலில், "இந்தப் பிரயாணத்தைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். உன் பெயரைப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் இப்படிக் கேட்டது முதல் தடவை.

"வேண்டாம். அப்புறம் கோயிலுக்குப் போனால்கூட, 'கல்கத்தா எப்படி இருந்தது?' என்று எல்லோரும் நிறுத்திக் கேட்பார்கள். 'என் மனைவி' என்றே எழுதுங்கள்" என்றாள்.

"பிறகு அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவ்வளவு பரிந்து பேசினாயே?"

"என்னை நீங்கள் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். அவளை யார் கேட்டார்கள்?"

ஊர் வந்து சேர்ந்த மறு வாரம் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். கொல்லையில், கிணற்றடியில், அந்தத் துவைக்கிற கல். ஐம்பது வருஷத்துச் சவுக்காரத்தில் வழவழவென்று தேய்ந்து, ஈரத்தில் கருநீலமாக மின்னியது. அதன்மேல் எழுத்து எதுவும் இல்லை. அதில் யார் யார் துவைத்தார்கள் என்று மாமியாரைக் கேட்டேன். அவர் தம் மாமியாரின் பெயரில் ஆரம்பித்து ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இரண்டாவது நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன்.